என்ஜின் மாற்றியபின் கார்புரேட்டருக்குப் பொருந்தும் பெட்ரோல் பம்ப்: அளவெடுப்பதிலிருந்து சாலைச் சோதனை வரை

பழைய வண்டியில் வேறு என்ஜின் ஏற்றியபின் வரும் பெட்ரோல் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: பம்ப்பை முதலில் வாங்கிவிடுகிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் கைக்குக் கிடைத்ததையோ, ஜி.பி. ரோட்டில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையோ மாட்டுகிறார்கள். கார்புரேட்டர் வழிந்தால் அதற்குள் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டை வளைக்கிறார்கள். வழியாவிட்டால் எல்லாம் சரி என்று பானெட்டை மூடிவிடுகிறார்கள்.

வேலை இதற்கு நேர் எதிராகப் போக வேண்டும். கார்புரேட்டர் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். என்ஜின் முழு இழுவையில் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்பது அடுத்தது. என்ஜினில் பம்ப் உட்கார இடம் இருக்கிறதா என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் விடை எழுதி வைத்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

கணக்குகளுக்கு ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: 1489 சிசி பெட்ரோல் என்ஜின் இருந்த அம்பாசிடரில் 1.8 லிட்டர் இசுசூ பெட்ரோல் என்ஜின் ஏற்றப்பட்டிருக்கிறது. திறன் 75 குதிரைத்திறன். உங்கள் வண்டி பத்மினியோ ஜீப்போ எதுவானாலும் எண்களை மாற்றிப் போட்டால் போதும்.

ஆவணம் பற்றி ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓ அலுவலக வேலையை முடித்துவிட்டு இதில் இறங்குங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

0 முதல் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று. டயர் கேஜ் இதற்கு உதவாது. 3 பிஎஸ்ஐக்கும் 5 பிஎஸ்ஐக்கும் உள்ள வித்தியாசம் அதில் முள் அசையும் அளவுக்குக்கூடத் தெரியாது. வாய்ப்பிருந்தால் உறிஞ்சலை அளக்கும் வாக்குவம் கேஜும் சேர்த்து வாங்குங்கள்.

ஒரு ‘டி’ இணைப்பு, கார்புரேட்டர் வாய்க்குப் பொருந்தும் ஹோஸ் துண்டுகள், அரை லிட்டர் அளவு குறித்த உலோகக் குவளை, வெர்னியர் காலிப்பர், மல்டிமீட்டர், 2 கிலோ உலர்பொடித் தீயணைப்பான். குவளை உலோகமாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் பாயும்போது நிலைமின்சாரம் சேரும்; அதை வெளியேற்ற வழி இருக்காது.

குழிக்குள் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் போய்த் தேங்கும். திறந்த இடத்தில், ஆறிய என்ஜினில், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

2. முதலில் கார்புரேட்டர்: நீடில் வால்வின் துளை

பம்ப்பின் அழுத்தம், பெட்ரோலை அளந்துவிடும் கார்புரேட்டர் ஜெட்டை நேரடியாகத் தொடுவதே இல்லை. அது மோதுவது, பெட்ரோல் வரும் துளையை ஊசியால் திறந்து மூடும் நீடில் வால்வின் மேல். பெட்ரோல் ஒரு பக்கம் ஊசியைக் கீழே தள்ளும். ஃப்ளோட் மிதந்து அதை மேலே தள்ளும். இந்தத் தள்ளுமுள்ளில் ஃப்ளோட் தோற்றால் கார்புரேட்டர் வழியும். முழு விஷயமும் இவ்வளவுதான்.

பம்ப் தள்ளும் விசை, அழுத்தத்தையும் துளையின் பரப்பையும் பெருக்கினால் வருவது. 2.0 மி.மீ. துளையில் 3 பிஎஸ்ஐ அழுத்தம் ஏறக்குறைய 6.5 கிராம் எடையளவு தள்ளும். அதே துளையில் 6 பிஎஸ்ஐ என்றால் 13 கிராம். துளை 1.5 மி.மீ. ஆனால் 6 பிஎஸ்ஐகூட 7.5 கிராம்தான் தள்ளும். ஒரு வண்டியில் ஒழுங்காக ஓடிய பம்ப் இன்னொரு வண்டியில் ஏன் வழியவிடுகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கேயே இருக்கிறது.

ஆகவே கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து நீடில் வால்வைக் கழற்றுங்கள். அதன் அறுகோணப் பக்கத்தில் 1.5, 2.0 போன்ற எண் பொறித்திருக்கும். அழிந்திருந்தால் டிரில் பிட்டின் வழவழப்பான பின்முனையை மெதுவாக நுழைத்துப் பார்த்து அளவெடுக்கலாம். வெட்டுமுனையை நுழைக்காதீர்கள், ஊசி உட்காரும் இருக்கையில் கீறல் விழும்.

துளை சிறியதாக இருப்பதே எப்போதும் நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. 1.5 மி.மீ. துளை 3 பிஎஸ்ஐயில் முழுதாகத் திறந்தால் கணக்குப்படி மணிக்கு சுமார் 33 லிட்டர் விடும். ஆனால் ஊசி முழுதாகத் திறப்பது அரிது, உண்மையில் கிடைப்பது குறைவு. 2.0 மி.மீ. துளை அதே நிலையில் 59 லிட்டர் வரை விடும். பெரிய என்ஜினுக்குச் சிறிய துளையை வைத்துவிட்டு, பற்றாக்குறைக்குப் பம்ப்பைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது.

தொடக்க அழுத்தத்துக்கு இந்த அளவுகளைக் கொள்ளலாம். எஸ்.யு. வகைக்கு 1.5 முதல் 3 பிஎஸ்ஐ. சோலெக்ஸ், வெபர் வகைகளுக்கு 2 முதல் 3.5. மிகுனி போன்ற ஜப்பானியக் கார்புரேட்டர்களுக்கு 2.5 முதல் 4. ஹோலி போன்ற அமெரிக்க வகைகள் 5 முதல் 7 வரை கேட்கும். கார்புரேட்டரின் கையேடு கிடைத்தால் அதில் உள்ளதே இறுதி.

திறந்த கையோடு இரண்டு சோதனைகளையும் முடித்துவிடுங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள்; உள்ளே சலசலத்தால் அது பெட்ரோல் குடித்திருக்கிறது, மிதப்பு போய்விட்டது. ஊசியின் கூம்பு முனையை வெளிச்சத்தில் பாருங்கள். வளையம்போல் தேய்ந்த கோடு தெரிந்தால் ஊசியையும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசியை வைத்துக்கொண்டு எந்தப் பம்ப்பையும் சோதித்துப் பயனில்லை.

3. என்ஜினின் பசி: மணிக்கு எத்தனை லிட்டர்

முழு இழுவையில் பெட்ரோல் என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.3 லிட்டர் குடிக்கும். 75 குதிரைத்திறனுக்கு 23 லிட்டர் ஆகிறது. பழைய பம்ப், வளைந்த பைப், பாதி அடைத்த ஃபில்டர் இவற்றுக்கு இடம்விட்டு ஒன்றரை மடங்காக்குங்கள்: 35 லிட்டர். நிமிடத்துக்கு 580 மில்லி.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் அதே வேலைக்கு ஏறக்குறைய 6 முதல் 8 சதவீதம் கூடுதலாகப் பாய வேண்டியிருக்கும். மேலே விட்ட இடைவெளி அதைத் தாங்கிக்கொள்ளும். ஜெட் அளவு வேறு கதை, அதை இந்த வேலையோடு குழப்பாதீர்கள்.

இங்கே பலர் தவறும் இடம், அழுத்தத்தையும் அளவையும் ஒன்றாக நினைப்பது. “இழுவை பத்தவில்லை, அதிக பவுண்டு உள்ள பம்ப் போடு” என்பார்கள். அழுத்தம் கூடினால் வழியும், இழுவை வராது. போதாமல் இருப்பது பாயும் அளவு. அதற்கு அகலமான பைப்போ, சுத்தமான ஃபில்டரோ, சரியான ஸ்ட்ரோக்கோதான் (பம்ப் ஒவ்வொரு முறையும் அசையும் தூரம்) மருந்து.

4. பம்ப் உட்கார இடம் உண்டா?

பட்டறையில் ஏசி பம்ப் என்று சொல்லும் மெக்கானிக்கல் பம்ப்பை இயக்குவது, என்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் மையம் விலகி இருக்கும் எக்சென்ட்ரிக் மேடு. ஏற்றிய என்ஜின் முதலில் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியில் இருந்ததானால், பம்ப் இருக்க வேண்டிய இடம் தகடால் மூடப்பட்டிருக்கலாம். தகட்டைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். துளை இருப்பதாலேயே உள்ளே மேடும் இருக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம்.

மேடு இருந்து, பொருந்தும் பம்ப்பும் கிடைத்தால் மெக்கானிக்கல் பம்ப்பே போடுங்கள். அழுத்தம் இயல்பாகவே குறைவு, வயரிங் வேண்டாம், என்ஜின் நின்றதும் பெட்ரோலும் நின்றுவிடும். மேடு இல்லாவிட்டாலோ, பம்ப் இருக்கும் இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியிருந்தாலோ மின்பம்ப்.

இரண்டையும் தொடராக மாட்டுவதைத் தவிர்க்கவும். மெக்கானிக்கல் பம்ப்பின் டயாப்ரம் என்ற ரப்பர் படலம் கிழிந்தால், பின்னால் இருக்கும் மின்பம்ப் பெட்ரோலை நேராக என்ஜின் அடியிலுள்ள ஆயில் சம்ப்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆயில் நீர்த்துப் பேரிங் போகும், தீப்பிடிக்கவும் வழியுண்டு. மின்பம்ப் என்று முடிவானால் பழையதைக் கழற்றி, 3 மி.மீ.க்குக் குறையாத தகடும் பேக்கிங்கும் வைத்து மூடிவிடுங்கள். கேமுக்கும் பம்ப்புக்கும் நடுவில் தள்ளுதண்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

5. மெக்கானிக்கல் பம்ப்: ஸ்பேசர் தடிமன்தான் உயிர்

முதலில் பம்ப் வேலைசெய்யும் விதத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கேமின் மேடு பம்ப்பின் கையை (லீவரை) அசைத்து டயாப்ரத்தை இழுக்கிறது. பெட்ரோல் உள்ளே வருகிறது. அதை வெளியே தள்ளுவது கேம் அல்ல, டயாப்ரத்தின் அடியிலுள்ள ஸ்பிரிங். ஃப்ளோட் அறை நிறைந்துவிட்டால் டயாப்ரம் இழுபட்ட நிலையிலேயே நிற்கும், கை மட்டும் சும்மா ஆடும்.

அதனால் அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங். அளவைத் தீர்மானிப்பது ஸ்ட்ரோக். பம்ப்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசரையும் பேக்கிங்கையும் தடிமனாக்கினால் ஸ்ட்ரோக் குறைந்து அளவு குறையும். “ரெண்டு பேக்கிங் கூடப் போட்டால் பிரஷர் குறையும்” என்ற பட்டறை வழக்கம் வழிவதை நிறுத்துவதுபோலத் தோன்றும்; உண்மையில் என்ஜினைப் பட்டினி போடுகிறது.

அளவெடுக்கும் முறை இது:

பம்ப்பைக் கையில் பிடித்து, அதன் கையை முட்டும்வரை அழுத்தி மொத்த அசைவை அளவிடுங்கள். 8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து எக்சென்ட்ரிக்கின் ஏற்றம். பம்ப் துளை வழியாக வெர்னியரின் ஆழ அளவியை விட்டு, மேட்டின் தாழ்ந்த நிலையிலும் உயர்ந்த நிலையிலும் அளந்து கழித்தால் கிடைக்கும். 5 மி.மீ. என்போம்.

தாழ்ந்த நிலையில் கை மேட்டைத் தொட்டு, கூடவே ஏறக்குறைய 1 மி.மீ. அழுந்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கை மேட்டின் மேல் தட்டும், இரண்டும் தேயும். 1 மி.மீ. முன்னழுத்தம், 5 மி.மீ. ஏற்றம், ஆக 6. மீதி 2 மி.மீ. பாதுகாப்பு. மீதி 1 மி.மீ.க்குக் கீழே போகவே கூடாது. போனால் உயர்ந்த நிலையில் பம்ப்பின் கை முட்டி, ஒன்று அந்தக் கை உடையும், அல்லது பம்ப்பின் விளிம்பு விரிசல் விடும். இந்தக் கணக்குக்கு ஏற்றபடிதான் ஸ்பேசரின் தடிமன்.

பல என்ஜின்களில் பம்ப்புக்கு அடியில் பேக்கலைட் ஸ்பேசர் உண்டு. அது உடைந்துவிட்டால் காகிதப் பேக்கிங்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது இரண்டு கேடு ஒன்றாக வரும்: கை அளவுக்கு மீறி அழுந்தும், என்ஜின் சூடும் நேரே பம்ப்புக்கு ஏறும். புதிய பேக்கலைட் துண்டு கிடைக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

போல்ட்டுகளை முறுக்கும்போது மேடு தாழ்ந்த நிலையில் இருக்கட்டும். உயர்ந்த நிலையில் வைத்துப் போல்ட்டால் இழுத்து உட்காரவைப்பதுதான் புதியவர்கள் பம்ப்பின் கையை உடைக்கும் வழக்கமான முறை. முறுக்கியபின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் ஒரு சுற்றில் முழுதும் தெரியாது. எங்காவது இறுகினால் நிறுத்தி மறுபடி அளவெடுக்க வேண்டும்.

சுசுகி வகை என்ஜின்களில் மூன்று முனைப் பம்ப் வரும்: உள்ளே, வெளியே, மிஞ்சியதை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன். ரிட்டர்ன் முனையை அடைத்துவிட்டால் ஆவி வெளியேறும் வழி மூடிப்போகும். பழைய வண்டியில் ரிட்டர்ன் பைப் இல்லையென்றால் டேங்க்வரை புதிதாக ஒன்று போட வேண்டும்.

பழைய பம்ப்பையே பழுதுபார்ப்பதானால் டயாப்ரம் இ20 தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். பல ஆண்டுகள் கடை அலமாரியில் கிடந்த கிட், எத்தனால் பட்டதும் உப்பிவிடும்.

6. மின்பம்ப்: எங்கே, எந்த உயரத்தில்

மின்பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் மட்டம். அதனால் பின்னால் டேங்க்குக்குப் பக்கத்தில், டேங்க்கின் அடிமட்டத்தை ஒட்டிய உயரத்தில் அது இருக்க வேண்டும். பானெட்டுக்குள் கைக்கு வசதியாக மாட்டினால் முழு நீளப் பைப்பிலும் உறிஞ்சல் நிலவும். உறிஞ்சல் இருக்கும் இடத்தில் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 35 முதல் 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்குகின்றன. மே மாதச் சென்னையில் அந்தச் சூடு நிழலிலேயே உண்டு.

இந்த ஊருக்கென்று இன்னொரு கவலை தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரிப் பக்கம் சக்கரத்தின் பாதிவரை நீர் நிற்கும்போது, அடியில் தொங்கும் பம்ப்பும் கனெக்டரும் மூழ்கும். சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கம், டேங்க்கின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல், பின் ஆக்சிலுக்கு மேலான உயரத்தில் இடம் தேடுங்கள். கனெக்டர் நீர்புகாத வகையாக இருக்கட்டும். வயர் மேலிருந்து வராமல், ஒரு வளைவு கீழிறங்கி ஏறிவரட்டும்.

பம்ப்புக்கு முன்னால், அதாவது டேங்க் பக்கம், பெரிய கண்ணுள்ள சல்லடை வகை ஃபில்டர்; பின்னால், கார்புரேட்டர் பக்கம், நுண்ணிய ஃபில்டர். இதை மாற்றிப்போட்டால் நுண்ணிய ஃபில்டர் உறிஞ்சலைத் திணறடிக்கும், பம்ப் கத்தத் தொடங்கும். ரப்பர் புஷ் இல்லாமல் சட்டத்தில் நேரே முறுக்கினாலும் சத்தம் வண்டி முழுக்கக் கேட்கும்.

கடையில் எளிதாகக் கிடைக்கும் சதுரப் பம்ப்புகளில் பல 4 முதல் 7 பிஎஸ்ஐ வகை. சோலெக்ஸுக்கு அது அதிகம். 2 முதல் 3.5 வகையைக் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் கட்டாயம். எம்பிஎஃப்ஐ டேங்க் பம்ப்பைக் கார்புரேட்டருக்கு ஓட்டப் பார்க்காதீர்கள். அது தரும் 40 பிஎஸ்ஐக்கு மேலான அழுத்தத்தைச் சாதாரணக் கார்புரேட்டர் ரெகுலேட்டர் அடக்காது. பெரிய ரிட்டர்ன் பைப்போடு வேறு அமைப்பே வேண்டும்.

7. மின் இணைப்பு

சாவியிலிருந்து நேரே பம்ப்புக்கு வயர் இழுப்பது இரண்டு காரணத்தால் தவறு. பழைய சாவி ஸ்விட்சும் மெல்லிய வயரும் வோல்டேஜைத் தின்றுவிடும். வோல்டேஜ் குறைந்தால் பம்ப் தரும் அளவும் குறையும். அதைவிட முக்கியம், விபத்தில் என்ஜின் நின்றாலும் சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். 30ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர். ஃபியூஸ் அளவு பம்ப் தயாரிப்பாளர் சொன்னபடி, சிறிய பம்ப்புகளுக்கு வழக்கமாக 5 ஆம்பியர். 87 பம்ப்புக்கு, 1.5 சதுர மி.மீ. வயரில். 85 எர்த்துக்கு. 86க்கு ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகச் சாவி மின்சாரம்.

இங்கே கவனம் வேண்டும். டாஷ்போர்டில் விளக்கு எரியவைக்கும் சாதாரண ஆயில் ஸ்விட்ச், பிரஷர் இல்லாதபோது இணைப்புத் தரும், வந்ததும் துண்டிக்கும். பம்ப்புக்கு வேண்டியது நேர் எதிரானது. பிரஷர் வந்ததும் இணைக்கும் தொடர்பும் உள்ள மூன்று முனை ஸ்விட்ச்சைக் கேளுங்கள்.

ஸ்டார்ட் ஆகும்வரை ஆயில் பிரஷர் இருக்காது. அதனால் செல்ஃப் வயரிலிருந்தும் 86க்கு ஒரு இணைப்பு வேண்டும். அதில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு இல்லாவிட்டால், ஆயில் பிரஷர் வந்ததும் 86இல் உள்ள மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து செல்ஃப் சாலினாய்டைத் தொடும். டயோடின் கோடுள்ள முனை ரிலே பக்கம் இருக்க வேண்டும். ரிலே சுருள் எடுப்பது மிகக் குறைந்த மின்சாரம் என்பதால் ஒரு ஆம்பியர் டயோடே போதும். இதோடு, மோதினால் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச்சையும் சேர்த்தால் நிறைவு.

பம்ப்பின் எர்த் வயரை பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் முறுக்குங்கள். சில பழைய வண்டிகள் பாசிட்டிவ் எர்த். அதில் எலெக்ட்ரானிக் பம்ப்பை அப்படியே மாட்டினால் உடனே போய்விடும். பம்ப் ஓடும்போது அதன் முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்; பேட்டரி வோல்டேஜைவிட அரை வோல்ட்டுக்குமேல் குறையக் கூடாது.

8. பைப், ஹோஸ், ரிட்டர்ன்

8 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஸ்டீல் பைப் நம் உதாரணத்துக்குத் தாராளம். பிரேக் பைப் துண்டைப் போடுகிறவர்கள் உண்டு. அதன் உள்துளை 3.5 மி.மீ.கூட வராது. செம்புப் பைப் அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

ஹோஸ் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதாக இருக்கட்டும்; அதன் உள்படலம் எத்தனாலைத் தாங்கும். மீன்தொட்டிக் குழாய்போல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பானெட்டுக்குள் போடவே கூடாது. சில வாரச் சூட்டில் அது கடினமாகி, கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் முனையிலிருந்து நழுவும், அடியில் எக்ஸாஸ்ட் இருக்கும். கிளிப்பிலும், பற்கள் ரப்பரை வெட்டும் சாதாரண வகையைவிட உள்பக்கம் வழவழப்பான சிறிய கிளிப் மேல்.

டேங்க் பல மாதம் காலியாகக் கிடந்திருந்தால் கடற்காற்றில் உள்ளே துரு படிந்திருக்கும். கழற்றிக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். மூடியிலுள்ள காற்றுத்துளையையும் பாருங்கள். அது அடைத்தால் சிறிது தூரம் ஓடியபின் பெட்ரோல் வராமல் நிற்கும், மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று போய் வண்டி மறுபடி ஓடும்.

ரிட்டர்ன் பைப் சென்னை வெயிலுக்கு நான் பரிந்துரைப்பது. கார்புரேட்டருக்கு அருகில் ‘டி’ வைத்து, 1 மி.மீ. துளையுள்ள ஜெட் வழியாக டேங்க்குக்குத் திருப்பினால் ஆவியும் சூடான பெட்ரோலும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த 1 மி.மீ. துளை 3 பிஎஸ்ஐயில் மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டரைத் திருப்பிவிடும். 35உடன் இதைக் கூட்டினால் பம்ப் 50 லிட்டர் தர வேண்டும். துளையை 1.5 ஆக்கினால் திரும்புவதே 33 லிட்டர் ஆகிவிடும். ரிட்டர்ன் போட்டபின் இழுவை போய்விட்டது என்பவர்கள் இந்தத் துளையை அளந்து பார்க்க வேண்டும்.

9. ரெகுலேட்டர்

தேவைப்பட்டால் மட்டும். நுண்ணிய ஃபில்டருக்குப் பின்னால், கார்புரேட்டருக்கு அருகில். 1 முதல் 5 பிஎஸ்ஐ வரம்புள்ள கார்புரேட்டர் வகையாக இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் ரெகுலேட்டர் இவ்வளவு கீழே இறங்காது.

10. அளவு பார்த்தல்: அழுத்தம், அளவு, மட்டம்

இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அழுத்தம். கார்புரேட்டர் வாயிலேயே ‘டி’ வைத்து கேஜை மாட்டுங்கள். பம்ப்புக்குப் பக்கத்தில் பார்த்த எண் செல்லாது. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். ஐடிலிங்கிலும், 3000 சுற்றிலும், நிறுத்திய பிறகும் எழுதுங்கள். ரிட்டர்ன் இல்லாத அமைப்பில் நிறுத்தியதும் முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் பம்ப் வால்வோ நீடில் வால்வோ கசிகிறது. நிறுத்தியபின் முள் ஏறினால் சூட்டில் பெட்ரோல் விரிகிறது, ரிட்டர்ன் அவசியம்.

அளவு. மின்பம்ப்பானால் கார்புரேட்டர் ஹோஸைக் கழற்றி உலோகக் குவளையில் விட்டு, ரிலேயின் 30, 87 முனைகளை இணைத்து 30 விநாடி ஓட்டுங்கள். ரிட்டர்ன் இணைந்திருக்கும்போதே 290 மில்லி வந்தால் நம் உதாரணத்துக்குப் போதும். மெக்கானிக்கல் பம்ப்பானால் ஃப்ளோட் அறையில் உள்ள பெட்ரோலில் என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போதே 15 விநாடி பிடித்து நான்கால் பெருக்குங்கள். ஐடிலிங்கில் ஸ்ட்ரோக் எண்ணிக்கை குறைவு. ஆகவே அங்கே 580இல் பாதி வந்தாலும் பயப்பட வேண்டாம். குவளையில் குமிழிகள் தொடர்ந்து வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. அந்த ஓட்டை வெளியே ஒழுகாது. கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கும்.

மட்டம். அழுத்தமும் அளவும் சரியான பிறகே ஃப்ளோட் மட்டம். அழுத்தம் மாறினால் மட்டமும் சிறிது மாறும் என்பதால் முன்கூட்டியே சரிசெய்தது வீண். சோலெக்ஸில் நீடில் வால்வின் அடியிலுள்ள வாஷர் தடிமனால் மட்டத்தை மாற்ற வேண்டும். தடிமன் கூடினால் மட்டம் இறங்கும். ஃப்ளோட் கையை வளைப்பது சோலெக்ஸுக்குரிய வழியல்ல. முடித்ததும் மின்பம்ப்பைப் பத்து நிமிடம் என்ஜின் ஓடாமல் இயக்கி, கார்புரேட்டர் தொண்டையில் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். சோதனைக்காக இணைத்த ரிலே முனைகளைப் பிரித்துப் பழையபடி மாட்டிவிட்டு எழுந்திருங்கள்.

11. சாலையில்

தெருவுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு “பிக்கப் நன்றாக இருக்கிறது” என்பது சோதனை ஆகாது. காரணம் ஃப்ளோட் அறை. அதில் 50 மில்லி இருக்கிறது என்று கொண்டால், 75 குதிரைத்திறன் என்ஜின் முழு இழுவையில் விநாடிக்கு 6.4 மில்லி குடிக்கும். பம்ப் தேவையில் அறுபது சதவீதம் மட்டுமே தந்தாலும் அறை காலியாக 20 விநாடி ஆகும். நகர நெரிசலில் யாரும் 20 விநாடி முழு ஆக்சிலரேட்டர் மிதிப்பதில்லை. குறை மறைந்தே இருக்கும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது வெளிப்படும்.

வண்டியில் ஆள் ஏற்றி, ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் தாண்டிக் காலியான அதிகாலையில், வேகவரம்புக்குள் மூன்றாவது கியரில் இயன்றவரை முழு இழுவையில் 30 விநாடி பிடிக்க முயலுங்கள். வரம்பு இடம்தராவிட்டால் டைனோ (நின்ற இடத்திலேயே வண்டியை ஓட்டி இழுவையை அளக்கும் இயந்திரம்) உள்ள இடத்தில் பார்ப்பதே சரி. கேஜை விண்ட்ஷீல்டுக்கு வெளியே பானெட்டின் விளிம்பில் கட்டலாம். பெட்ரோல் ஹோஸை வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. முள் 1 பிஎஸ்ஐக்குக் கீழே விழுந்தால் அளவு போதவில்லை.

அடுத்தது சூட்டுச் சோதனை. மதிய வெயிலில் முக்கால் மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பானெட்டைத் திறக்காமல் 15 நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நீண்ட நேரம் செல்ஃப் அடித்து, கரும்புகையோடு பிடித்தால் கார்புரேட்டர் வழிந்திருக்கிறது. புகையில்லாமல் பிடித்து, சிறிது தூரத்தில் இருமி நின்றால் பைப்பில் ஆவி. முதலாவதற்கு அழுத்தத்தையும் ஊசியையும் பாருங்கள். இரண்டாவதற்கு ஹோஸின் பாதையை எக்ஸாஸ்டிலிருந்து நகர்த்தி, தடுப்புத் தகடு வைத்து, ரிட்டர்ன் போடுங்கள்.

12. முதல் 500 கிலோமீட்டர்

முதல் இரண்டு டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும் இரண்டு ஃபில்டர்களையும் மாற்றுங்கள். பழைய டேங்க்கின் துருத்தூள் அவற்றில்தான் வந்து நிற்கும். கிளிப்புகளை ஒருமுறை மறுபடி முறுக்குங்கள், புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

மெக்கானிக்கல் பம்ப் போட்டவர்கள் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தாலோ, ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ, பம்ப்பின் அடித்துளையில் ஈரம் தெரிந்தாலோ டயாப்ரம் கிழிந்திருக்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்தி, பம்ப்பையும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.